வலது காலை எடுத்து வைத்து

நைட் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, கைகால் கழுவி, பாத்ரூமிலிருந்து வெளியே வந்த மாரிசெல்வி கொடியில் கிடந்த துண்டை எடுக்கத் திரும்பினாள். சிமெண்டுத் தரையில் அவளுடைய ஈரக்கால்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அந்த வரிசைக்குச் சம்பந்தமே இல்லாமல், வாசல் நிலைக்கு உள்பக்கம், இன்னொரு ஈரத்தடம் தனியாக இருந்தது. வலது கால். விரல்கள் அறைக்குள் பார்த்திருந்தன. நடுவில் அழகான குழிவு.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

தட்டைப் பாதக்காரர்களுக்குத் தங்கள் தடம் மனப்பாடம். மற்றவர்கள் கால் வைத்தால் குதிகாலும் முன்பாதமும் பதியும், உள்பக்கம் பிறைபோல ஓர் இடம் தரையைத் தொடாமல் தப்பிவிடும். மாரிசெல்வியின் கால் எதையும் தப்பவிடாது. நனைந்த செங்கலை வைத்து எடுத்த மாதிரி முழுசாக விழும். இடது காலுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டதால், அந்தக் காலில் நான்கு விரல்தான் பதியும். இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவள் அவள். ஆகவே குழிவு விழுந்த வலது தடத்தைப் பார்த்ததும், ஊசி வேலை செய்துவிட்டது, கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுபடி போய் வலது காலை நனைத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தி வைத்து எடுத்தாள். செங்கல்.

சுகப்பிரியாவின் காலாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அறையில் கூடத் தங்கியிருந்த சுகப்பிரியா விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிக் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். கதவை உள்ளே தாழ் போட்டது மாரிசெல்விதான். அவளுடைய தடங்கள் ஃபேன் காற்றில் ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கிக்கொண்டே வந்தன. குழிவு விழுந்த தடம் மட்டும் காயவில்லை. குனிந்து பார்த்தபோது அதிலிருந்து லேசாகப் புளித்த அரிசிமாவு வாசம் வந்தது. துணியால் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மாவு வாசம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அதற்கு முந்தைய வருடம் பெண் போலீஸ் ஆள் எடுப்புக்குப் போனாள். ஓட்டத்தில் மூச்சு வாங்காமல் வந்து நின்றாள், நீளம் தாண்டினாள், பந்து எறிந்தாள். எல்லாவற்றிலும் தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் ஒரு டாக்டர் குவளைத் தண்ணீரை அவள் காலில் ஊற்றி, காய்ந்த தரையில் ஏறி இறங்கச் சொன்னார். தடத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைக்கால், அடுத்த ஆள் என்றார். அவ்வளவுதான். ஓடிக் காட்டிய கால் வேறு யாருடையதோ என்பது போல அவளை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். அதே காலை வைத்துக்கொண்டுதான் ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் லைனில் ஷிஃப்ட் முழுக்க நின்றாள். நிற்பதற்குத் தட்டைக்கால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டால்தான் லைன் லீடர் முகம் மாறும்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில்தான் அந்த நோட்டீஸ் கிடைத்தது. தட்டைப் பாதத்துக்குப் புது மருந்து, பரிசோதனையில் சேர ஆட்கள் தேவை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரீசார்ஜ் கடைக்கு மேல்மாடியில் ஒரு கிளினிக். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஷாரோன் மேடம், மெட்ராஸிலிருந்து வந்து போகிற பெண். அவள் விளக்கிச் சொன்னாள். வலது உள்ளங்காலில் மட்டும் ஊசி போடுவார்கள், இடது காலை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவிடுவார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஷாரோனுக்கே தெரியாதாம். ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கும் தெரியாது, போடுகிறவளுக்கும் தெரியாது என்றால் பிறகு யாருக்குத்தான் தெரியும் என்று மாரிசெல்வி கேட்கவில்லை. அடுத்த ஆள் எடுப்புக்குள் குழிவு விழுந்தால் போதும். ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலையில் வலது காலை மைத்தாளில் அழுத்தி, வெள்ளை அட்டையில் ஒரு தடம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பரிசோதனை பாதி முடிந்ததும் அட்டைகளைப் பார்ப்பார்கள். மாற்றம் தெரியாதவர்களுக்கு ஊசி நிறுத்தப்படும். தெரிந்தவர்களுக்கு உண்மை மருந்தே தொடரும், இடது காலுக்கும் போடுவார்கள். மாரிசெல்வியின் அட்டைகளில் செங்கலைத் தவிர வேறொன்றும் விழவில்லை. தனக்குக் கிடைத்தது உப்புத் தண்ணீர்தான் என்று ஒரு மனம் சொன்னது. இல்லை, மருந்துதான், மெதுவாக வேலை செய்யும், நிறுத்திவிட்டால் எல்லாம் வீண் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்துக்குத்தான் குரல் பெரிது.

அந்தக் கிளினிக்கில் யாரும் காலைப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

கையால் பாதம் போடுவது அவளுக்குப் புதிதில்லை. கிருஷ்ண ஜெயந்தி வந்தால் சங்கரன்கோவில் பக்கம் அவள் தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் போட்டுக்கொடுப்பாள். கையை முட்டியாக மடக்கி மாவில் தோய்த்துப் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் குழந்தைக் கால் வந்துவிடும், விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் முடிந்தது. அதில் குழிவு எப்போதும் அற்புதமாக விழும். பெரிய ஆள் காலுக்குக் கொஞ்சம் பழகிப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளங்கையின் அடியால் குதிகால், கையின் ஓரத்தால் வெளிப்பக்கம், முட்டியால் முன்பாதம். மைத்தாளை வீணாக்க முடியாது என்பதால் அரிசியை ஊறவைத்து, அம்மி இல்லாத அறையில் சுகப்பிரியாவின் மிக்ஸியில் அரைத்து, தரையில் போட்டுப் பழகினாள்.

வாசலில் தொடங்கி அவள் பாய் வரைக்கும் ஒரு வரிசை. எல்லாமே வலது கால், அவளுக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். எல்லாமே உள்ளே பார்த்தபடி, கை தானாகவே அப்படிப் போட்டது. பாதம் போட்டால் விரல்கள் வீட்டுக்குள் பார்க்க வேண்டும், வெளியே பார்த்துப் போட்டால் இருப்பதும் போய்விடும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழகி முடித்ததும் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மையைக் கையில் அப்பி, அட்டையில் ஒரு தடம் போட்டாள். ஷாரோன் மேடம் அதைப் பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம்ப்பா என்று சொன்னாள். அடுத்த வெள்ளியும் இதேதான்.

அதற்குப் பிறகுதான் அந்த ஈரத்தடம் வந்தது.

பென்னலூரில் அவர்கள் இருந்த அறை மாடியில் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு. பகலில் தூங்குவதற்காக ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டி, அதன்மேல் ஒரு போர்வையும் தொங்கவிட்டிருந்தாள். அப்படியும் வெயில் ஓரங்களில் கசிந்து அறை முழுக்கப் பழுப்பான ஒரு வெளிச்சம் தங்கியிருக்கும். அந்த வருடம் கரண்ட் கட் ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த வருடம். கம்பெனிகளுக்குப் போகும் லைனில் கரண்ட் போகாது, பென்னலூரில் போகும். உச்சிப்பொழுதில் ஃபேன் மெல்ல மெல்ல நின்று, கீழே வீட்டுக்கார அம்மா கங்கம்மாளின் டிவியும் பாதிப் பேச்சில் அறுந்துபோகும். பிறகு தூரத்து ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளின் உறுமல், வெயிலில் கூரை விரியும் டிக் டிக், தன் கழுத்தில் வேர்வை இறங்குவது, இவை மட்டும் கேட்டுக்கொண்டும் தெரிந்துகொண்டும் இருக்கும். பேய் நடமாடுவதற்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. அவள் ஊரில் உச்சிவெயிலில்தான் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள்.

அப்படி ஃபேன் நின்ற ஒரு பகலில் படிக்கட்டில் சத்தம் கேட்டது.

யாரோ ஏறி வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். மனிதர்கள் ஏறும்போது இரண்டு சத்தம் மாறி மாறி வரும், கேட்கிறவருக்கு அது தெரியாமலே தெரியும். இதில் ஒரே சத்தம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஈரமான, கனமான ஒரு தப். பிறகு இழுபடும் ஓசை. பிறகு அதே தப். வாசலுக்கு வந்து நின்றது. யாரும் தட்டவில்லை. கதவுக்குக் கீழே இருந்த வெளிச்சக் கோட்டில் ஏதோ நின்று மறைத்தது, ரொம்ப நேரம் மறைத்துக்கொண்டே இருந்தது. கரண்ட் வந்து ஃபேன் சுற்றியதும் வெளிச்சம் மறுபடி முழுக்கோடாக ஆனது. அவள் எழுந்தபோது தாழ் போட்டது போட்டபடி இருந்தது. அறைக்குள் ஈரத்தடம் முந்தையதைவிட ஓரடி தள்ளி, அவள் பாய்ப்பக்கமாக விழுந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் கங்கம்மாள் துணி எடுக்க மாடிக்கு வந்தபோது அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா செல்வி, ஒத்தக் கால்ல நொண்டி அடிச்சிகினு படி ஏறுறியா? தண்ணி சொட்டச் சொட்ட ஏறிகீற. படி பூரா ஒரே கால் தடமா கீது. வழுக்கி வுழுந்தா கம்பெனிக்காரன் என்னைத்தான கேப்பான்?"

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, கங்கம்மாள் இறங்கிப் போனதும் படிக்கட்டைப் போய்ப் பார்த்தாள். சிமெண்டில் ஈரம் இன்னும் இருந்தது. வலது. அடுத்த படியில் வலது. அடுத்ததிலும் வலது. எல்லாவற்றிலும் அவள் கை போட்ட அதே குழிவு. நொண்டி அடித்தால் அப்படி விழும்தான், கங்கம்மாள் கண்ணுக்கு அதுதான் பட்டிருக்கும். ஆனால் மேலே, கதவுக்கு முன்னால், அது நின்ற இடத்தில், தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக இருந்தன. காலைச் சேர்த்து வைத்து நின்றிருக்கிறது. இரண்டும் வலது.

வலது காலை எடுத்து வைத்து வா என்று புதுப்பெண்ணிடம் சொல்வார்கள். இதற்கு எடுத்து வைக்க அதைத் தவிர வேறு கால் இல்லை. இடது காலை அவள் போடவே இல்லை.

அந்த ஞாயிறு இருவருக்கும் வாராந்திர விடுமுறை. அன்றைக்குத்தான் சுகப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுகப்பிரியா கோவில்பட்டிக்காரி, எதற்கும் சட்டென்று சிரிக்கிறவள். போலி அட்டை வரைக்கும் சிரித்தாள். படிக்கட்டுத் தடத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"ஏளா, கிருஷ்ணா வான்னு சொல்லிப் போட்டா கிருஷ்ணன் வருவான். நீ யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடல. சும்மா வழிய மட்டும் போட்டு விட்டுருக்க. எது வேணாலும் வரும்லா. வெளிய பாத்து ஒரு வரிச போட்டு அனுப்பி விட்டுரு."

கூடவே, திங்கட்கிழமை ஷாரோன் மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடு என்றும் சொன்னாள். சுகப்பிரியா கடைக்குப் போனதும் மாரிசெல்வி மாவை அரைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையைத் தோய்த்தாள். வெளியே பார்த்து ஒரு பாதம், அவ்வளவுதான், ஒன்று வைத்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும். கை தரைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

வெளியே போகிற பாதத்தைப் போட்டால் போவது அது மட்டும்தானா? ஆள் எடுப்பு அறிவிப்பு வரப்போகிறது என்று லைனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். போன வருடம் மைதானத்தில் ஓரமாக நின்றது நினைவுக்கு வந்தது, குவளைத் தண்ணீர் கணுக்காலில் வழிந்த குளிர்ச்சி நினைவுக்கு வந்தது. காலம்பூராவும் லைனில் நிற்கப்போகிற கால்கள் நினைவுக்கு வந்தன. வீட்டைவிட்டு எதையாவது போகச்சொன்னால் முதலில் போவது தன் அதிர்ஷ்டமாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவள் வாழ்க்கையில் போனதெல்லாம் அப்படித்தான் போயிருக்கிறது. மாவைப் பாத்ரூமில் கொட்டி, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். சுகப்பிரியாவிடம் போட்டாயிற்று என்று பொய் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம் என்று தெரிந்தே கட்டிக்கொண்டாள், மடியை அவிழ்க்கத்தான் மனம் வரவில்லை.

பாயை மட்டும் எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த பகல் தடம் பழைய பாய் இருந்த இடம் வரைக்கும் வந்து, அங்கே தேடின மாதிரி கொஞ்சம் குழம்பி, பிறகு திரும்பியிருந்தது. விரல்கள் எதிர்ச்சுவரைப் பார்த்திருந்தன.

புதன்கிழமை வெயில் உச்சியில் இருந்தபோது போன் அடித்தது. ஃபேன் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஷாரோன் மேடம்தான்.

"மாரிசெல்வி, உங்க ரைட் ஃபுட் சூப்பரா வந்திருக்குப்பா. டாக்டர் அட்டையெல்லாம் பார்த்துட்டு அசந்துட்டாரு. லெஃப்டுக்கும் பண்ணிடலாம்னு சொல்றாரு. உங்களுக்கு ஓகேதானே? வாயால சொல்லணும்ப்பா, நான் ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

மாரிசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனையும். உண்மை மருந்து இரண்டு காலுக்கும், ஆள் எடுப்புக்கு முன்னால். சரி மேடம் என்றாள். சரின்னு மட்டும் சொல்லாதீங்க, எந்தக் கால்னு சேர்த்துச் சொல்லுங்க என்றாள் ஷாரோன்.

"என் இடது காலுக்கு எனக்குச் சம்மதம்."

மூடிய அறையில் அது தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. அந்தப்பக்கம் ஷாரோன் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்தபோதுதான், படிக்கட்டில் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்ததும், இப்போதுதான் நின்றதும் அவளுக்கு உறைத்தது.

பிறகு மறுபடி ஆரம்பித்தது. இந்தமுறை வேகமாக.

தப். இழுப்பு. தப். இழுப்பு. கதவு. தாழ் மெல்ல, யாரோ தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்று திறப்பது போல, விலகும் கிறீச். வெளிவெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்தது. அதில் யாரும் நிற்கவில்லை. நிழல் மட்டும் இருந்தது. புளித்த மாவு வாசம் மூக்கை அடைத்தது.

அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். கத்த வேண்டும் என்று நினைத்தாள். கங்கம்மாளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள்.

பழைய பாய் இருந்த இடம். நின்றது. திரும்பியது.

தப்.

தப்.

பாயின் கோரை ஈரத்தில் நெரிந்தது. அவள் கால்மாட்டில்.

அது மூச்சுவிடவில்லை. அவள்தான் விட்டாள், அதையும் அடக்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூரை டிக் என்றது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு போர்வையின் கால்பக்கம் தூக்கப்பட்டது.

இடது கணுக்காலைப் பிடித்தது. குளிர்ச்சி. குவளைத் தண்ணீரின் அதே குளிர்ச்சி.

வலிக்கும் என்று பல்லைக் கடித்தாள். வலிக்கவில்லை. இறுக்கமான ஷூவை ஒருவர் பிடித்துக் கழற்றும்போது வருமே, ஒரு இழுப்பு, ஒரு விடுபடல், அவ்வளவுதான். பிறகு எதையோ பொருத்தி அழுத்தியது. பொறுமையாக. பழகிப் பழகிப் பார்க்கிற கை மாதிரி. ஏற்கெனவே ஊசிக்குச் சம்மதித்திருந்த வலது உள்ளங்காலையும் உள்பக்கமாக ஒருதடவை அழுத்திக் குழித்துவிட்டது.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. கீழே டிவி பாதி வசனத்திலிருந்து பேச ஆரம்பித்தது.

மாரிசெல்வி போர்வையை முகத்திலிருந்து மட்டும் விலக்கினாள். அறையில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. தரையில் தடங்கள் இருந்தன, அவள் கால்மாட்டில் தொடங்கி வாசல் வரைக்கும். முதல் தடவையாக விரல்கள் வெளியே பார்த்திருந்தன.

வலது, குழிவோடு. அடுத்தது இடது. அதில் குழிவு இல்லை. நனைந்த செங்கலை வைத்து எடுத்த மாதிரி முழுசாக விழுந்திருந்தது. நான்கு விரல்.

வலது, இடது, வலது, இடது. எல்லோரையும் போல நன்றாக நடந்து போயிருந்தது.

படிக்கட்டுக்குக் கீழேயிருந்து கங்கம்மாளின் குரல் வந்தது. "ஏம்மா செல்வி, சாப்டாம கொள்ளாம எங்கமா கெளம்பிட்ட இந்த வெயில்ல?"

கேட்டின் கொக்கி விழும் சத்தம் கேட்டது.

எழுந்து பார்க்காமல் படுத்துக் கிடக்கலாம் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் சுகப்பிரியா வந்துவிடுவாள், அவள் வந்து பார்க்கட்டும். ஆனால் போர்வைக்குள் இடது காலின் சுண்டுவிரல், இத்தனை வருடம் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது, இப்போது தனியாக அசைந்தது. அது அசைந்த பக்கம் சரியில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணை மூடியபடி, தரையில் கிடந்த ஈரத்தில் இரண்டு கால்களையும் நனைத்து, காய்ந்த சிமெண்டில் ஏறி, மைதானத்தில் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்றாள். அடுத்த அறிவிப்பு வந்தால் அந்த டாக்டர் குறை சொல்ல இனி ஒன்றும் இல்லை. ஓரடி பின்னால் வந்து, கண்ணைத் திறந்து, குனிந்தாள்.

இரண்டு தடம். இரண்டிலும் குழிவு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி விழுந்திருந்தது. இரண்டு கட்டைவிரலும் இடது பக்கம் இருந்தன.